திறக்காத திரையும் அறுபத்து மூன்று கடிதங்களும்

1

ஒப்புக்கொண்டுவிடுகிறேன். இந்தக் கதையை ஒருவரை மட்டம் தட்டுவதற்காகத்தான் எழுத உட்கார்ந்தேன். அந்த ஒருவர் என் கணவர். வருகிற திங்கட்கிழமை வரை கணவர். அன்று காலை பதினொரு மணிக்கு வக்கீல் அலுவலகத்தில் நாங்கள் இருவரும் பிரிவு மனுவில் கையெழுத்துப் போட வேண்டும்.

அதற்கு நான்கு நாள் முன்பு, வியாழக்கிழமை, என் கம்ப்யூட்டர் படுத்துக்கொண்டது. அவர் வாங்கி, அவரே லினக்ஸ் போட்டு, "இதுல வைரஸ் வராது, கவலையே படாத" என்று மேசைமேல் வைத்த பெட்டி. ஓர் அலுவலகத்தின் சர்வர்களைக் கட்டி மேய்ப்பது அவர் வேலை. மருந்து டப்பாவுக்குள் மடித்து வைக்கும் தாள்களை மொழிபெயர்ப்பது என் பிழைப்பு. மிச்ச நேரத்தில் கதை எழுதுகிறேன். "யாரும் படிக்காத ரெண்டு வகை எழுத்தையும் நீயே எடுத்துக்கிட்டியே" என்று ஒரு காலத்தில் கேலி செய்வார். நானும் சிரிப்பேன்.

2

முதலில் எழுதிய தொடக்கம்: "திரை இருண்டது. அவளுடைய—" வேண்டாம். அடுத்து என்ன இருளப்போகிறது என்று உங்களுக்கே தெரிந்துவிட்டது.

இரண்டாவது: "கடவுச்சொல் சரிதான், ஆனாலும் உள்ளே விடவில்லை. கல்யாணம் என்பதும்—" இதையும் பாதியில் அடித்தேன். கம்ப்யூட்டரைக் கல்யாணத்துக்கு உவமை சொல்கிற எழுத்தாளர்களைக் கண்டாலே எனக்கு எரிச்சல். (கதை முழுக்க அந்தச் சபலத்தோடுதான் மல்லுக்கட்டிக்கொண்டிருக்கிறேன். எங்காவது சறுக்கினால் தாட்சண்யம் பார்க்காதீர்கள்.)

மூன்றாவது, நடந்தது நடந்தபடி: பெட்டியைப் போட்டேன். கடவுச்சொல் கேட்கும் திரை வந்தது. அடித்தேன். ஒரு கணம் கறுத்து, மறுபடி அதே திரை. தப்பாக அடித்தால் தப்பு என்று சொல்லும், அதையும் சொல்லவில்லை. ஏற்றுக்கொண்டு, உள்ளே போவதுபோல் போய், திரும்பி வந்து மறுபடி யார் நீ என்று கேட்டது. பதினேழு தடவை அடித்துப் பார்த்தேன். எனக்கு ரோஷம் ஜாஸ்தி.

வெள்ளி மாலைக்குள் ஒரு சர்க்கரை மாத்திரைத் தாளை அனுப்பியாக வேண்டும். நாத்தனாருக்குப் போன் செய்தேன். என் கணவர் சில மாதங்களாக அந்தத் தங்கை வீட்டில்தான் இருக்கிறார்.

"உங்க ரெண்டு பேருக்கும் நடுவுல நான் என்ன தபால்காரியா, அண்ணி? அண்ணன் இங்கதான் உக்காந்திருக்காரு. நீங்களே கேளுங்க."

"நீயே சொல்லிடும்மா. மெஷின் ஸ்டார்ட் ஆகுது, ஆனா டெஸ்க்டாப் வராம சுத்திக்கிட்டே இருக்குன்னு சொல்லு."

அவள் போனைக் கையால் பொத்தாமலேயே கத்தினாள். "அண்ணா, அண்ணி மெஷின் சுத்துதாம்!" கொஞ்ச நேரம் கழித்து, "நாளைக்கு மத்தியானம் வராராம். அதுவரைக்கும் எதையும் நோண்ட வேண்டாமாம்" என்றாள்.

3

கடையில் கொடுத்திருக்கலாமே என்று நீங்கள் கேட்பீர்கள். தெருமுனையிலேயே ஒரு கடை இருக்கிறது. இந்தக் கேள்விக்குப் பதில் சொல்லாமல் நழுவிப் பார்த்தேன், கதை நகர மாட்டேன் என்கிறது. சொல்லிவிடுகிறேன்.

பிப்ரவரியில் என் கதை ஒன்று அச்சில் வந்தது. அதில் ஒருவர், பதவி உயர்வு கைவிட்டுப் போன அன்று, குளியலறையில் குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டு அழுகிறார். மனைவி கதவுக்கு வெளியே நின்று கேட்கிறாள். நல்ல காட்சி. நான்கு பேர் பாராட்டினார்கள். யாரும் படிக்க மாட்டார்கள் என்று கேலி செய்தவருடைய அலுவலகத்தில் மூன்று பேர் படித்துவிட்டார்கள். "என்னை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்ல?" என்றார். "கதைன்னா கதை" என்றேன். பையை எடுத்துக்கொண்டு தங்கை வீட்டுக்குப் போய்விட்டார்.

மார்ச் நான்காம் தேதி அவருக்கு ஒரு கடிதம் எழுதினேன். நான்கு பக்கம். தப்பு என்மேல்தான், கேட்டிருக்க வேண்டும், திரும்பி வந்துவிடுங்கள் என்று வெட்கமில்லாமல் கெஞ்சியிருந்தேன். அனுப்பவில்லை, திருத்தினேன். எழுதுகிறவர்களைப் பிடித்த வியாதி இது. மறுநாள் மிகையாகப் பட்ட ஒரு வரியை எடுத்தேன். அதற்கடுத்த நாள் ஓர் அழுகையை. ஒவ்வொரு திருத்தத்திலும் நடை தேறிக்கொண்டே வந்தது. இருபத்தேழாம் தேதி அனுப்பியபோது பதினோரு வரிதான் மிஞ்சியிருந்தது. பிரிந்துவிடலாம் என்று அதில் இருந்தது. கச்சிதமான கடிதம். அவர் பதில் ஒரே சொல்: "சரி." அவர் திருத்துகிற ஆள் இல்லை.

அந்த முதல் கடிதம் அப்போது கம்ப்யூட்டருக்குள் அப்படியே இருந்தது. அவர் கையால் திறந்தால் அவர் கண்ணில் தானாகப் படும் என்று எனக்கு ஒரு நப்பாசை. நான் காட்டியதாக ஆகாது, அவராகப் பார்த்ததாக ஆகும். கடைக்குப் போகாததற்கு இதுதான் காரணம்.

4

இந்த ஆளை எப்படிக் கதைக்குள் கொண்டுவருவது? ஒரு பதிப்பில் "அவன்" என்று எழுதி, அழுக்குச் சட்டை மாட்டி, வாயைக் கோணவைத்தேன். எனக்கே நம்ப முடியவில்லை. எங்கள் வீட்டில் இஸ்திரி போடத் தெரிந்தவர் அவர் ஒருவர்தான். இன்னொரு பதிப்பில் முன்பின் தெரியாத ஒரு பெண் மெக்கானிக்கை அனுப்பினேன். அவள் பத்து நிமிடத்தில் வேலையை முடித்துவிட்டுப் போய்விட்டாள். கதையும் அவளோடு போய்விட்டது.

ஆகவே அவரே வந்தார். இஸ்திரி போட்ட சட்டையில் வாசலில் நின்றுகொண்டு, "உள்ள வரலாமா?" என்றார்.

"உங்க வீடுதானே."

அவர் செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்தார். "எப்பலேர்ந்து இப்படி ஆகுது உங்களுக்கு?"

பதினோரு வருடம் என்னை "நீ" என்று கூப்பிட்டவர். அந்த "உங்களுக்கு" சுரீரென்றது. இது கதைக்கு ஆகும் என்று மனதுக்குள் குறித்துக்கொண்டேன். ஆமாம், அந்த நேரத்திலும். என்னைப் பற்றி நீங்கள் என்ன வேண்டுமானாலும் நினைத்துக்கொள்ளுங்கள்.

5

கண்ட்ரோல், ஆல்ட், எஃப்-மூன்று, மூன்றையும் சேர்த்து அமுக்கினார். படமும் பொத்தானும் இல்லாத கறுப்புத் திரை வந்தது. வெள்ளை எழுத்து மட்டும். "பாஸ்வேர்டு போடுங்க" என்று சொல்லிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார். அவரே வைத்துக் கொடுத்த பாஸ்வேர்டு. நான் மாற்றவில்லை. மாற்றியிருக்க மாட்டேன் என்பது அவருக்கும் தெரியும்.

இரண்டு வரி தட்டினார். "டிஸ்க் நூறு சதவீதம் ரொம்பிடுச்சு. டெஸ்க்டாப் எழும்பணும்னா அது ரெண்டு மூணு சின்ன ஃபைல் எழுதிக்கணும். எழுத இடமில்ல. அதான் பாதியில திரும்பிடுது."

"எதால ரொம்புச்சு?"

தேடினார். விசைப்பலகையிலிருந்து கையை எடுத்தார்.

"என்னாலதான்" என்றார்.

(அடிக்குறிப்பாகப் போட வேண்டியது, இங்கேயே சொல்கிறேன். ஆறு வருடத்துக்கு முன் எழுதி முடித்த கதை ஒன்றைத் தெரியாமல் அழித்துவிட்டு ஒப்பாரி வைத்தேன். அன்றே உட்கார்ந்து ஒரு சின்ன நிரல் எழுதிக் கொடுத்தார். நான் எதைச் சேமித்தாலும், என் எழுத்துக் கோப்புறை முழுவதையும், கதைகளுக்காக எடுத்த பேட்டி ஒலிப்பதிவுகள் உட்பட, தேதி போட்டு நகல் எடுத்துவைக்கும். "எவ்வளவு நாள் வெச்சுக்கணும்?" என்று கேட்டார். "எதையுமே அழிக்கக் கூடாது" என்றேன். அதன்பின் நான் ஒரு காற்புள்ளியை மாற்றினாலும் ஒரு முழு நகல். இரண்டாயிரத்து அறுநூறு சேர்ந்திருந்தது.)

"லிமிட் போடணும்னு அப்பவே தெரியும்" என்றார். "ஆபீஸ்ல இப்படி விட்டா வேலையே போயிடும். ஆனா நீ அன்னைக்கு அழுதுக்கிட்டு இருந்த." சட்டென்று நிறுத்தி, "இருந்தீங்க" என்றார்.

6

பட்டியல் தேதிவாரியாக ஓடியது. கோப்புகளுக்கு ஆங்கில எழுத்தில் பெயர் வைக்கப் பழக்கியவர் அவர்தான். அதனால் மார்ச் மாதம் முழுக்க ஒரே பெயர் வரிசைகட்டி நின்றதை அவரால் படிக்க முடிந்தது. கடிதம், கடிதம், கடிதம். நினைத்தது நடக்கப்போகிறது.

"முதல்ல எழுதினதைப் பாக்கலாமா?"

அவர் கேட்டார். கவனியுங்கள், அவர் கேட்டார். தலையாட்டினேன்.

திரை முழுக்கக் கட்டம் கட்டமாக வந்து கொட்டியது. எழுத்து ஒன்றுகூட இல்லை.

"இந்தத் திரைக்குத் தமிழ் காட்டத் தெரியாது. டெஸ்க்டாப் வந்தாதான் படிக்க முடியும்." ஆனாலும் அந்தக் கட்டங்களையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு வரிகளை எண்ணச் சொல்லும் ஒரு கட்டளையைத் தட்டினார். "இது நூத்தி முப்பது வரி. எனக்கு வந்தது பதினொண்ணு."

"ம்."

"மூணு வாரம், அறுபத்து மூணு தடவை. மிச்சத்துல என்ன இருந்துச்சு?"

இந்த இடத்தை நான் ஒன்பது விதமாக எழுதிப் பார்த்தேன். எல்லாவற்றிலும் நான் உண்மையில் சொன்னதைவிட நல்லவளாக இருந்தேன். உண்மையில் சொன்னது இது:

"வெட்ட வேண்டியதுதான் இருந்துச்சு. எழுதுறவங்களுக்கு அது வழக்கம்."

அவர் சட்டைப் பையிலிருந்து ஒரு பென்டிரைவை எடுத்து மேசைமேல் வைத்தார். "கடைசி பத்து நகலை மட்டும் வெச்சுக்கிட்டு மத்ததை அழிக்கப் போறேன். இனிமே தானாவே பத்துக்கு மேல தங்காது. இந்த அறுபத்து மூணை மட்டும் இதுல எடுத்துத் தரட்டுமா? ஒரு நிமிஷ வேலை."

"வேண்டாம்."

"நிஜமாவா?"

"பழசை வெச்சுக்கிட்டு என்ன பண்றது? அழிச்சிடுங்க."

அழிக்கட்டுமா என்று இயந்திரமும் ஒரு தடவை கேட்டது. அவர் என் முகத்தைப் பார்த்தார். நான் ஜன்னலைப் பார்த்தேன். அமுக்கிவிட்டார்.

அழித்து முடிய நேரமானது. பிறகு பெட்டியை மறுபடி போட்டார். டெஸ்க்டாப் ஒரு குறையும் இல்லாமல் வந்தது. "கடைசியா அனுப்பினது பத்திரமா இருக்கு" என்றார். நன்றி சொன்னேன். "திங்கக்கிழமை பாக்கலாம்" என்று லிஃப்டை நோக்கி நடந்தார்.

மாத்திரைத் தாளைச் சொன்ன நேரத்துக்கு அனுப்பிவிட்டேன். பக்க விளைவுகள்: மயக்கம், வாய் உலர்தல், அரிதாக மனச்சோர்வு.

7

இனி முடிவுகள்.

ஒன்று: லிஃப்ட் கதவு மூடுவதற்குள் ஓடிப்போய்க் கையை நீட்டித் தடுத்து, நான்கு பக்கத்தையும் வாயாலேயே சொல்லிவிடுகிறேன். என்னால் முடியாது. எங்கள் வீடு மூன்றாவது மாடி, என் ரோஷமும் அவ்வளவு உயரம்.

இன்னொன்று: நான் ஜன்னலைப் பார்த்த நேரத்தில் அவர் எனக்குத் தெரியாமல் முதல் கடிதத்தை எடுத்துக்கொண்டுவிட்டார். எனக்கு மிகவும் பிடித்த முடிவு இது. ஆனால் அந்தப் பென்டிரைவ் அவர் கிளம்பும்வரை மூடிகூடக் கழற்றாமல் மேசையில் கிடந்தது. ஜன்னல் கண்ணாடியில் அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

மற்றொன்று: அந்த நான்கு பக்கத்தையும் நினைவிலிருந்து மறுபடி எழுதுகிறேன். இதை நேற்று நிஜமாகவே முயன்றேன். நன்றாகவே வந்தது. ஒன்றரைப் பக்கம். அதில் தப்பு இருவர் மேலும் இருந்தது.

(அவரைக் கேட்காமல் எழுதியதால் போனவரைப் பற்றி மறுபடியும் கேட்காமல் எழுதிக்கொண்டிருக்கிறேன் என்பது உங்களுக்கு முன்பே உறைத்திருக்கும். எனக்கு ஆறாவது பகுதியில்தான் உறைத்தது. நிறுத்தவில்லை. அந்தப் பகுதி அவ்வளவு நன்றாக வந்துகொண்டிருந்தது.)

8

இன்று ஞாயிறு. நாத்தனார் போன் செய்தாள். "அண்ணி, அண்ணன் முந்தாநேத்துலேர்ந்து ஒரு மாதிரி இருக்காரு. நூத்தி முப்பது வரின்னு என்னமோ சொல்றாரு. என்னது அது?" மாத்திரைத் தாள் விஷயம் என்று சொல்லிவிட்டேன்.

இந்தக் கதையின் மூன்றாம் பதிப்பில் ஆறாவது பகுதி வேறாக இருந்தது. அதில் நான், "பென்டிரைவ்ல போடுங்க, எடுத்துக்கிட்டுப் போய்ப் படிங்க" என்று சொல்லியிருந்தேன். பொய்தான். ஆனால் அப்படி ஒரு வரியை எழுதக்கூடியவளாக வெள்ளிக்கிழமை இரவு ஒரு மணி நேரம் இருந்தேன். அதன்பின் பதினான்கு தடவை திருத்திச் சேமித்துவிட்டேன். பத்துக்கு மேல் தங்காது என்று அவர் சொன்னது சரி. தேடிப் பார்த்தேன், இல்லை.

நாளைக் காலை பதினொரு மணிக்கு இன்னும் நேரம் இருக்கிறது. முடிவை நீங்களே எழுதிக்கொள்ளுங்கள். உங்களுக்கு எப்படி வருகிறதோ அப்படியே, அழுகை, கெஞ்சல், மிகை எல்லாவற்றோடும் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். என்னிடம் மட்டும் காட்டாதீர்கள். திருத்திவிடுவேன்.