பிய்ந்த கூடை அறுபத்து மூன்று

என் அண்ணனுக்கு எதிலும் அவசரம். மூன்று வருஷமாகத் தரிசாகக் கிடக்கும் எங்கள் நிலத்து மண்ணை அள்ளிக்கொள்ளச் சொல்லிச் செங்கல் சூளைக்காரரிடம் வாக்குக் கொடுத்துவிட்டான். நிலம் எங்களுடையதுதான் என்று காட்டக் கொள்ளுத்தாத்தாவின் பழைய சொத்துப் பட்டியல் வேண்டும். அந்த வேலை என் தலையில் விழுந்தது. மண் எடுக்க நானும் சரி என்றுதான் சொல்லியிருந்தேன். இப்போது நல்லவள் வேஷம் போட மாட்டேன்.

கொள்ளுத்தாத்தாவைப் பற்றி எங்களுக்குத் தெரிந்தது அவருடைய பட்டப்பெயர் ஒன்றுதான்: கூடைக்காரர். கூடை விற்றுப் பிழைத்தவர் என்று நாங்களே முடிவுகட்டிவிட்டோம். சம்பந்திகள் விசாரித்தால் மட்டும் அண்ணன் அவரைப் பெரிய பண்ணையாராக்கிவிடுவான்.

பதிவறையில் எழுத்தர் அம்மா இரண்டு தும்மலுக்குப் பிறகு ஒரு கட்டை அவிழ்த்தார்.

"உங்க கொள்ளுத்தாத்தா சொத்தைக் கேளுங்க. ஏர் ஒண்ணு. மாடு ரெண்டு, அதுல ஒண்ணு நொண்டி. மண்வெட்டி மூணு. பிய்ஞ்ச கூடை அறுபத்து மூணு."

"பிய்ஞ்சதா?"

"பிய்ஞ்சதுதான். உக்காந்து எண்ணியிருக்காங்க."

"விக்காத சரக்கா இருக்கும்," என்று சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. கூடைகளுக்கு எதிரே மதிப்பு எழுதவேண்டிய கட்டம் காலியாக இருந்தது. கீழே, பட்டியல் எடுத்த அதிகாரியின் பொடி எழுத்தில் ஒரு குறிப்பு. எழுத்தர் அதன்மேல் விரல் வைத்து மெதுவாக வாசித்தார்.

"இந்நிலம் முன்பு வெறும் பாறை. இறந்தவர் ஆற்றோர வண்டலை இருபத்தாறு ஆண்டுகள் கூடையில் தலைச்சுமையாகக் கொண்டுவந்து நிரப்பினார் என்று அண்டை நிலத்தார் மூவர் சாட்சி சொன்னார்கள். நான் நம்பவில்லை. நான்கு இடங்களில் தோண்டச் சொன்னேன். நான்கிலும் முழங்கால் ஆழத்தில் பாறை தட்டியது. கிழிந்த கூடைகளை அவர் ஒன்றைக்கூட வீசவில்லை. அவற்றுக்கு மதிப்பில்லை என்று எழுத எனக்குக் கை வரவில்லை."

முழுசாக ஒரு ஏக்கர் நிலம் அது. நான் நடை பழகியதே அதில்தான். அத்தனையும் ஒரே ஒரு மனுஷன் தலையில் ஏறி வந்ததா?

"காகிதம் வர்றதுக்கு முன்னாடியே, இன்னிக்கே அந்த மண்ணை அள்ள லாரி வரச் சொல்லிட்டான் அண்ணன்," என்றேன்.

எழுத்தர் அம்மா நகலை என் கையில் திணித்தார். "கையெழுத்தெல்லாம் அப்புறம் போட்டுக்கலாம். ஓடும்மா மொதல்ல!"

வழியெல்லாம் அண்ணனுக்குப் போன் அடித்தேன். எடுக்கவில்லை. நான் போய்ச் சேர்ந்தபோது இயந்திரம் ஒரு மூலையை வழித்திருந்தது. லாரியில் பாதி மண். தோண்டிய பள்ளத்தில் பாறை மொட்டையாகத் தெரிந்தது.

"என்ன சார் நிலம் இது? ரெண்டு வாரு வாரினா பாறை இடிக்குது," என்று இயந்திரம் ஓட்டியவர் சலித்துக்கொண்டிருந்தார்.

அண்ணன் என்னைப் பார்த்ததும் பொரிந்தான். "ஏமாந்துட்டோம்டி! கூடை வித்த மனுஷன் வெறும் பாறையை வாங்கி நம்ம தலையில கட்டியிருக்காரு."

நான் காகிதத்தை நீட்டினேன். நின்றபடியே படித்தான். மறுபடி முதலிலிருந்து படித்தான். பிறகு ஆறு இருக்கும் திக்கைப் பார்த்தான். அங்கிருந்து ஆறு கண்ணுக்கே தெரியாது.

"எவ்வளவு தூரம் இருக்கும்?"

"நடந்தா அரை மணி நேரம்."

"சுமையோடவா?"

எனக்கு எப்படித் தெரியும்? அண்ணன் லாரி டிரைவரிடம் போனான். "தம்பி, எடுத்த எடத்துலயே கொட்டிருங்க."

"மண்ணுதானே சார்? இதுக்குப் போய்..."

"மண்ணு இல்லப்பா," என்றான்.

டிரைவர் முணுமுணுத்துக்கொண்டே கொட்டினார். கொஞ்சம் மண் சரிந்து பாதையில் கிடந்தது. தண்ணீர்ச் செம்பைக்கூட அண்ணி கொண்டுவந்து கொடுத்தால்தான் குடிக்கும் என் அண்ணன், லாரியில் கிடந்த இரும்புச் சட்டியை எடுத்துச் சிந்திய மண்ணைக் கையாலேயே வழித்துப் போட்டான். தூக்கித் தலையில் வைத்தான். கழுத்து ஆடியது. முப்பது அடிகூட இருக்காது. பள்ளத்தில் கொட்டிவிட்டு இடுப்பைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

"அறுபத்து மூணு கூடைடி," என்றான், மூச்சு வாங்க. "ஒவ்வொண்ணும் பிய்யுற வரைக்கும்."