சிம்டாவுக்குள் போன தோல்

“அது என் தோள்பைக்குன்னு எடுத்து வச்ச தோலு. அவ சைக்கிள் காலுக்குள்ள எப்படிப் போச்சுன்னு கேக்குதேன். மொதல்ல அதுக்குப் பதில் சொல்லுங்க.”

“மெதுவாப் பேசு ஆபிதா. சாலி பூரா கேக்குது.”

“கேக்கட்டும். கேக்கத்தானே கத்துதேன்.”

கேட்டுக்கொண்டுதான் இருந்தார்கள். தாராவியின் அந்தச் சாலியில், அதாவது வரிசை ரூம்கள் கொண்ட சந்தில், இந்த ரூமுக்கும் எதிர் ரூமுக்கும் நடுவே இரண்டு பேர் தோள் இடிக்காமல் நடக்க முடியாது. அங்கே ஒரு சண்டையைக் காதில் வாங்காமல் இருக்கத் தனித் திறமை வேண்டும். அந்தத் திறமை யாரிடமும் இல்லை, யாரும் அதற்கு முயற்சி செய்ததாகவும் தெரியவில்லை. குக்கரை இறக்கி வைத்துவிட்டு வந்து நின்றவர்களும் உண்டு.

“முழுத் தோலுல வயித்துப் பக்கம் இல்லையா? ஓரம் இல்லையா? நடு முதுகுதான் வேணும்னு உங்க சிம்டா கேட்டுச்சோ?”

“வயித்துத் தோலு இழுபட்டுப் போவும். முதுகுத் தோலுதான் நிக்கும். உனக்கே தெரியும்.”

“தெரியும். தெரிஞ்சதுனாலதான் கேக்குதேன்.”

 வசமாக மாட்டிக்கொண்டால் அவள் புருஷன் மன்சூர் அலி மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைப்பான். துடைத்தான்.

மன்சூர் அலி தோல் பை தைக்கிறவன். தொண்ணூறு அடி ரோட்டுப் பக்கம் அவனும் இன்னும் மூன்று பேரும் சேர்ந்து நடத்தும் பட்டறையிலிருந்து மாதத்துக்கு எத்தனையோ பைகள் போகின்றன. எந்தெந்த ஊர்ப் பெண்களோ அவற்றைத் தோளில் மாட்டிக்கொண்டு திரிகிறார்கள். அவன் பெண்டாட்டியோ கிங்ஸ் சர்க்கிளுக்குக் காய்கறி வாங்கப் போனால் கையில் இருப்பது ஜவுளிக்கடை இனாமாகக் கொடுத்த துணிப்பை. போன ரம்ஜானுக்கு அவளுடைய தம்பி பைசான் விளையாட்டாக இதைச் சொல்லிக்காட்டப் போய், மன்சூருக்கு ரோஷம் வந்து, மாதுளம்பழத் தோல் நிறத்தில் ஓர் ஆட்டுத் தோலைக் கொண்டுவந்தான். “இது உனக்கு. என் கையாலயே தைப்பேன்” என்றான். ஆபிதா அதைப் பெட்டியில் வைத்துப் பூட்டவில்லை. அதுதான் அவள் செய்த தப்பு. மாடத்தட்டில் சுருட்டி வைத்து, வருகிற போகிறவர்களிடமெல்லாம் எடுத்துக் காட்டிக்கொண்டிருந்தாள். லிசாவிடம்கூடக் காட்டினாள்.

லிசா எதிர் ரூம் சவரியம்மாளின் மகள். மாட்டுங்காவில் ஒரு பல் டாக்டரிடம் வேலை. பஸ்ஸில் இடிபட்டுப் போவதற்குப் பதிலாக, கூட வேலை செய்தவள் கழித்துவிட்ட ஒரு மவுண்டன் பைக்கை வாங்கி அதில் போய்வந்தாள். மலையேறும் சைக்கிள் என்று பெயரே தவிர, விலையில் சமவெளிதான். பார்வைக்குத் தடியாக, முன்னால் மோட்டார் பைக்குக்கு இருப்பதுபோல ஸ்பிரிங் வைத்த சிம்டா. பம்பாயில் முன் சக்கரத்தைப் பிடித்திருக்கும் கவட்டைக்கு அதுதான் பெயர். ஒரு நாள் சயான் பக்கம் பள்ளத்தில் விழுந்து எழுந்த பிறகு அந்தச் சிம்டா ஆட ஆரம்பித்தது. பிரேக்கைப் பிடித்தால் டக் என்றது. விட்டால் இன்னொரு டக். கடைக்காரன் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, “இந்த விலை மாலுக்கு உள்சாமான் எதுவும் கிடைக்காது, மொத்தமா மாத்தணும்” என்றான். லிசா சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்து சந்தில் நின்றபோது, விதி மன்சூர் அலியை வாசலில் பல் குத்திக்கொண்டு உட்கார வைத்திருந்தது.

“மன்சூர் பாய், இதப் பாத்தியளா, என்னமா ஆடுது.”

அவ்வளவுதான் அவள் சொன்னது. பல்குச்சியை எறிந்துவிட்டு எழுந்தவன்தான். மூன்று மாதமாகத் தொட்டிக் குழாய் ஒழுகுகிறது என்று ஆபிதா சொல்லிக்கொண்டிருந்தாள். அதற்கு அவன் அப்படி எழுந்ததில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமையை ஆபிதா மறக்கவே மாட்டாள். வாசலில் செய்தித்தாளை விரித்தான். வீட்டில் விரித்த பாயைச் சுருட்டாதவன், அங்கே செய்தித்தாளின் மூலை மடங்காமல் நான்கு பக்கமும் கல் வைத்தான். சக்கரத்தைக் கழற்றி, ஹேண்டிலைக் கழற்றி, சிம்டாவைக் கீழே உருவினான். மேலும் கீழும் இருந்த குண்டு வளையங்களை எவர்சில்வர் மூடியில் (ஆபிதாவின் சம்பா டப்பா மூடி) வைத்து, மண்ணெண்ணெய் விட்டு, பழைய பிரஷ்ஷால் ஒவ்வொரு குண்டாகத் தேய்த்தான். லிசா குத்தவைத்து உட்கார்ந்து, “இத இப்படிப் புடி” என்றால் இப்படிப் பிடித்தாள், “அப்படி” என்றால் அப்படி. சிம்டாவின் இரண்டு கால்களையும் பிரித்தபோது உள்ளே இருந்த பிளாஸ்டிக் வளையங்கள் தேய்ந்து, நகம்போல ஆகியிருந்தன. ஆட்டத்துக்குக் காரணம் அதுதான்.

மற்றவனாக இருந்தால் அதோடு கையை உதறியிருப்பான். மன்சூர் தோல்காரன். சைக்கிள் பம்ப்புக்குள் தோல் வாஷர் இருந்து வேலை செய்கிறதே, சிம்டாவுக்குள் இருந்தால் என்ன என்று அவனுக்குத் தோன்றியது. உள்ளே போனான். மெல்லிசாகச் சீவிய இரண்டு பட்டைகளோடு வெளியே வந்தான். அவற்றைத் தேங்காய் எண்ணெயில் ஊறவைத்து, கம்பியைச் சுற்றி வளையமாக்கி, உள்ளே திணித்து, எல்லாவற்றையும் திரும்பப் பூட்டினான். பிறகு முன் பிரேக்கைப் பிடித்துக்கொண்டு, கண்ணை மூடி, ஹேண்டிலை அமுக்கி அமுக்கிக் காது கொடுத்துக் கேட்டான். சத்தமே இல்லை.

“ஏக்தம் மக்கன் மாதிரி இருக்கு பாய்” என்றாள் லிசா. வெண்ணெய்போல என்று அர்த்தம்.

என் பேச்சை இந்த மனுஷன் இப்படிக் கண்ணை மூடிக் கேட்டதுண்டா என்று ஆபிதா நினைத்தாள். அவள் பேசும்போதும் அவன் கண்ணை மூடுவதுண்டு. அது வேறு காரணத்துக்காக.

பட்டை எந்தத் தோலிலிருந்து வந்தது என்று அன்றைக்கு அவள் கேட்கவில்லை. மறு வாரம் மாடத்தட்டைத் துடைத்தபோதுதான் சுருளை விரித்தாள். நட்ட நடுவில், முதுகெலும்பு ஓடிய இடத்தில், இரண்டு நீள ஜன்னல்கள். அவள் தோல்காரன் பெண்டாட்டி. பையின் முகம் அங்கேதான் வெட்டவேண்டும், மிச்சமெல்லாம் கைப்பிடிக்கும் உள்பைக்கும்தான் ஆகும் என்று அவளுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

“அதக் கழட்டி எடுங்க” என்றாள் இப்போது, சந்துக்கே கேட்கிற மாதிரி.

“எடுத்து என்ன செய்யப் போற? அது எண்ணெயில ஊறிப் போச்சு.”

“என்னமும் செய்வேன். அவ காலுக்குள்ள கிடக்கக் கூடாது.”

எதிர் ரூம் கதவு பாதி திறந்து, சவரியம்மாள் தலையை நீட்டினாள். “ஏளா ஆபிதா, எம்மவ காலுன்னு சொல்லாத. சைக்கிள் காலுன்னு சொல்லு. கேக்கவன் வேற மாதிரி நெனைப்பான்.”

கேட்டவர்கள் எல்லாரும் அப்போதுதான் வேறு மாதிரி நினைக்க ஆரம்பித்தார்கள். அதற்கு முன்பு யாருக்கும் தோன்றவில்லை என்று சொன்னால் அது பொய்.

உண்மையில் ஏதாவது இருந்ததா என்று சந்து தன்னால் முடிந்தவரை ஆராய்ந்தது. ஒன்றும் அகப்படவில்லை. எல்லாருக்கும் கொஞ்சம் வருத்தம்தான். மன்சூர் வேறு தோல் கொண்டுவந்தான், கறுப்பு, முன்னதைவிட உசத்தி. ஆபிதா அதைத் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை. காலையில் லிசா சைக்கிளை வெளியே எடுக்கும்போது மன்சூர் தாடி மழித்துக்கொண்டிருந்தால், மழித்து முடியும்வரை ஆபிதா நிலைப்படியில் நின்று வெங்காயம் உரித்தாள். அந்த நாட்களில் அவர்கள் வீட்டில் வெங்காயக் குழம்பு கொஞ்சம் அதிகம்.

ஜூன் மாதம் மழை பிடித்தது. தோல் என்ன செய்யும் என்பதைத் தோல்காரன் மறந்திருந்தான். பட்டைகள் தண்ணீர் குடித்து உப்பின. ஒரு சாயங்காலம் லிசா நனைந்துகொண்டே சைக்கிளைத் தள்ளி வந்தாள். சிம்டா முழுக்க அமுங்கி, எழும்ப மாட்டாமல், சைக்கிள் தலைகுனிந்து நின்றது. மன்சூர் அதைத் தலைகீழாகப் போட்டு இழுத்தான். பட்டறை ஆள் ஷகீல் மறுபக்கம் இழுத்தான். உள்ளே தோலும் துருவும் ஒன்றையொன்று கட்டிக்கொண்டிருந்தன. வரவில்லை.

“இனிமே புதுசுதான்” என்றான் மன்சூர், முகத்தைத் தொங்கப்போட்டு. “நானே வாங்கிட்டு வந்து மாட்டித் தாறேன் லிசா.”

“நீங்க மாட்ட வேண்டாம்” என்றாள் ஆபிதா. “என் தம்பி மாட்டுவான்.”

அவள் நினைத்துப் பார்த்துச் செய்த ஏற்பாடு அது. விக்ரோலியில் வாப்பாவோடு இருந்த பைசான் லிஃப்ட் மெக்கானிக். அவனிடமும் இந்த மாதிரி சைக்கிள் ஒன்று உண்டு, அதை ஞாயிற்றுக்கிழமைதோறும் குளிப்பாட்டுவான். அவன் வந்து புது சிம்டாவை ஒரேயடியாகப் பூட்டிவிட்டால், லிசாவுக்கு மன்சூர் பாயைக் கூப்பிட இனி ஒரு சாக்கும் இருக்காது. வேலையும் சந்தில் வேண்டாம், தன் ரூமுக்குள்ளேயே நடக்கட்டும் என்றாள். மன்சூருக்கு அந்த ஞாயிற்றுக்கிழமைகளில் பட்டறையில் வேலை இருக்கும்படி அவளே பார்த்துக்கொண்டாள்.

பைசான் பொறுமைசாலி. புது சிம்டாவின் மேல்குழாய் எப்போதும் நீளமாகத்தான் வரும். சைக்கிளுக்குத் தக்கபடி அறுத்துக்கொள்ள வேண்டும். பழையதைப் பக்கத்தில் வைத்து ஒரே அறுப்பில் முடித்திருக்கலாம். அவன், “கூடுதலா வெட்டிட்டா ஒட்ட முடியாதுல்லா. லிசா உசரத்துக்கு ஹேண்டில் எம்புட்டு வரணும்னு பாத்துட்டு வெட்டுவோம்” என்றான். கொஞ்சம் அறுத்தான். கீழ்வளையத்தைத் தட்டி உட்கார வைத்தான். மாட்டினான். லிசாவை ஏறி உட்காரச் சொல்லி, தள்ளி நின்று பார்த்தான். “இன்னும் கொஞ்சம் இறக்கலாம்” என்று கழற்றினான். மறு ஞாயிறு இன்னும் கொஞ்சம். குழாயை அசையாமல் யாராவது பிடித்துக்கொள்ள வேண்டும். லிசா பிடித்தாள்.

இத்தனையும் நடக்கும்போது ஆபிதா எங்கே இருந்தாள்? நிலைப்படியில். சந்தைப் பார்த்து. முதுகைக் காட்டிக்கொண்டு. மன்சூர் பட்டறையிலிருந்து எதையாவது மறந்துவிட்டேன் என்று வந்துவிடப் போகிறான் என்று கண் இமைக்காமல் காவல் இருந்தாள். உள்ளே ரம்பச் சத்தம் நின்று வெகுநேரம் ஆனபோதும் அவள் திரும்பவில்லை.

“என்னலே, முடிஞ்சுதா?” என்று அங்கிருந்தபடியே கேட்பாள்.

“இன்னும் கொஞ்சம் இருக்கு ராத்தா.”

சிம்டாவைப் பூட்டிய பிறகும் அவன் வந்தான். போல்ட் தளர்ந்திருக்கும், பார்க்கணும் என்றான். பிறகு பிரேக். பிறகு செயின். தம்பிக்கு இந்தளவு பாசமா என்று ஆபிதா அவனுக்குப் பிரியாணி செய்து போட்டாள்.

மழை விட்டபிறகு ஒரு மத்தியானம், கையலம்பிக்கொண்டே பைசான் சொன்னான்: “ராத்தா, நானும் லிசாவும் கட்டிக்கப் போறோம். ரிஜிஸ்டர்தான். வாப்பாட்ட நீதான் சொல்லணும்.”

ஆபிதா கத்தவில்லை. சந்துக்கு அது பெரிய ஏமாற்றம். செருப்பைப் போட்டுக்கொண்டு அவள் போனது வாப்பாவிடமும் இல்லை, சவரியம்மாளிடமும் இல்லை, நேராகப் பட்டறைக்கு. வேறு யார் வாயாலும் சேதி போவதற்கு முன்னால் மன்சூரின் முகத்தை அவள் பார்த்தாக வேண்டும். முகத்தைச் சரிபண்ணிக்கொள்ள அவனுக்கு ஒரு நிமிஷமும் கிடைக்கக் கூடாது.

மன்சூர் குனிந்து தோல் வெட்டிக்கொண்டிருந்தான். மூச்சிரைக்க எதிரில் போய் நின்றாள்.

“பைசான் லிசாவக் கட்டிக்கப் போறானாம்.”

கத்தி நின்றது. அல்லது வெட்டு அங்கே முடிந்திருந்தது. பிறகு அவன் நிமிர்ந்து, “நம்ம பைசானா?” என்றான். கண்ணாடியைக் கழற்றவில்லை. “அப்ப அவ எனக்குத் தங்கச்சி முறையில்லா ஆவுது” என்றான். மறுபடி குனிந்து வெட்டினான்.

இதை வைத்துக்கொண்டு ஆபிதா என்ன முடிவுக்கு வருவாள்? மச்சினன் பெண்டாட்டி தங்கைமுறை, அதில் சந்தேகமில்லை. ஆனால் அதை அத்தனை சீக்கிரம் கணக்குப்போட்டுச் சொன்னானே, அது மனசு சுத்தமாக இருப்பதாலா, முன்பே யோசித்து வைத்திருந்ததாலா? கத்தி நின்றது கேட்டதாலா, வெட்டு முடிந்ததாலா? அவன் டீ குடிக்கப் போன பிறகு அந்தத் தோலை எடுத்து, கத்தி எதுவரை ஓடியிருக்கிறது என்றுகூட விரலால் தடவிப் பார்த்தாள். நேராகத்தான் ஓடியிருந்தது. நேரான கோட்டில் ஒருவன் எங்கே நின்றான் என்று யாரால் கண்டுபிடிக்க முடியும்?

வாப்பா ஒரு மாதம் யாரோடும் பேசவில்லை, பிறகு பசித்தபோது பேசினார். சவரியம்மாள் அழுதாள், கோயிலுக்குப் போனாள், திரும்பி வந்து மகளுக்குப் புடவை எடுத்தாள். டிசம்பரில் பாந்த்ராவில் பதிவுக் கல்யாணம். சாட்சிக் கையெழுத்து மன்சூர் அலி போட்டான். அவன் கையெழுத்துப் போடும்போதும் ஆபிதா கையைத்தான் பார்த்தாள். நேற்றுவரை “அக்கா” என்ற லிசா அன்றிலிருந்து “மைனி” என்று கூப்பிட்டாள். ஞாயிற்றுக்கிழமை மீன் வாங்கிக்கொண்டு வந்துகொண்டிருந்த பைசானுக்கு இப்போதெல்லாம் நேரம் கிடைப்பதில்லை. புருஷனைக் காவல் காத்ததில் தம்பியைக் கொடுத்துவிட்டோமே என்று ஆபிதாவுக்கு எரிந்தது; புருஷன் பேரில் இருந்த எரிச்சலைவிட இது கொஞ்சம் கூடுதல்.

பைசானும் லிசாவும் பாண்டுப்பில் ஒரு பெட்ரூம் வீடு பிடித்துப் போனார்கள். இரண்டு சைக்கிள்களும் பால்கனியில் நிற்பதாகக் கேள்வி. தனியாக இருக்கப் பயந்து சவரியம்மாளும் அவர்களோடு போய்விட்டாள். எதிர் ரூமுக்கு வெயிலுமுத்து என்பவனும் அவன் புதுப் பெண்டாட்டி ஹரிதாவும் குடிவந்தார்கள். ஹரிதாவிடம் ஒரு ஸ்கூட்டர் இருக்கிறது. அதற்குச் சர்வீஸ் எல்லாம் செம்பூரில் கம்பெனி ஷோரூமில்தான் என்று ஆபிதா முதல் நாளே கேட்டுத் தெரிந்துகொண்டாள்.