கெட்டெ

தொண்ணூற்று நாலில் கல்யாணமாகி மாயவரத்திலிருந்து மைசூருக்கு வந்த எனக்குக் கன்னடம் அரைகுறை. கணவர் பரத்வாஜ் கிழங்கு நட்டுத் தொட்டியில் வளர்த்த காட்டு ஆர்க்கிட், மார்கழியில் இலை கருகி ஒன்றுமில்லாமல் போயிற்று. பக்கத்து வீட்டுக் கன்னடக்காரி பிரதிபா எட்டிப் பார்த்து, “கெட்டெ இதெ” என்றாள். கெட்டதை எதற்கு வைத்திருப்பது? தொட்டியைக் கொய்யா மரத்தடியில் கவிழ்த்தேன்.

“கெட்டென்னா கிழங்கு! மண்ணுக்குள்ள கிழங்கு இருக்குன்னு சொல்லியிருக்கா!” என்று குதித்தார் அவர்.

“அதைத் தமிழ்ல சொன்னா என்னவாம்?” என்றேன் நான்.

ஆடி மழையில் மரத்தடியில் முளைவிட்டது. தொட்டியில் ஒருநாளும் பூக்காதது, வெள்ளை வெள்ளையாய்ப் பூத்தது. பிரதிபா கைதட்டினாள்: “கெத்தெ கணே!”

இந்த முறை அர்த்தம் கேட்டுக்கொண்டேன். ஜெயித்துவிட்டேனாம்.