டர்போவுக்குச் சாம்பிராணி

எனக்குக் கோபம் வந்தால் ஸ்பேனர் பறக்கும் என்று ஜாதவ்பூரில் ஒரு பேச்சு உண்டு. பொய். பறந்தது ஒரே ஒரு முறை, அதுவும் யார் மேலும் படவில்லை. வாய் பறக்கும், அதை நான் மறுக்கவில்லை. அந்த வாயால்தான் என் மச்சினன் சண்முகத்தின் வேலைக்கு உலை வைத்தேன்.

சண்முகம் என் மனைவி அருக்காணியின் தம்பி. லேக் கார்டன்ஸில் இருக்கும் டாக்டர் தமயந்தியம்மாவிடம் டிரைவர். அம்மா பத்து வருஷம் வெளிநாட்டில் வேலை பார்த்துவிட்டு வந்தவர். வரும்போது தன் காரையும் கப்பலில் ஏற்றிக்கொண்டு வந்துவிட்டார். எண்பத்து நாலில், கல்கத்தாவில், டர்போ வண்டி! எஞ்சினை விட்டு வெளியே போகிற புகை ஒரு சின்னச் சக்கரத்தைச் சுற்றும். அந்தச் சக்கரம் காற்றை அழுத்தி எஞ்சினுக்குள் திணிக்கும். வண்டி பிய்த்துக்கொண்டு போகும். எவ்வளவு அழுத்தம் என்று காட்ட டாஷ்போர்டில் ஒரு முள் உண்டு. அதன் பானெட்டைத் திறக்க அம்மா நம்பிய ஒரே ஆள் இந்த மாரியப்பன்.

துர்கா பூஜை முடிந்த அடுத்த வாரம் சண்முகம் வண்டியை என் பட்டறைக்குக் கொண்டுவந்தான்.

"மச்சான், முள்ளு பாதிக்கு மேல ஏற மாட்டேங்குதுங்க. மிதிச்சா உஸ்ஸுன்னு ஒரு சத்தம். கறுப்பாப் புகை வேற."

வண்டியை நிறுத்தி வைத்து ஓடவிட்டுப் பார்த்தேன். ஒரு சத்தமும் இல்லை. ஃபில்டர் சுத்தம், குழாய்களும் பார்வைக்கு ஒழுங்கு. உடனே தீர்ப்பு எழுதிவிட்டேன். டர்போ வண்டி ஓடி வந்ததும் பட்டென்று அணைக்கக் கூடாது. இரண்டு நிமிஷம் சும்மா ஓடவிட்டுச் சூடு தணிய வேண்டும். இல்லாவிட்டால் உள்ளே ஆயில் கருகி, சக்கரம் இறுகிவிடும். இதை அவனுக்கு நூறு தடவை சொல்லியிருந்தேன்.

"வந்த வேகத்துல சாவியைத் திருகி அணைச்சிருக்கே. டர்போ போச்சு."

"சத்தியமா இல்லீங்க மச்சான். எண்ணி ரெண்டு நிமிசம் உட்டுத்தான் அணைக்கிறேன்."

"என்கிட்டயே கதை விடாதே."

அதோடு நிறுத்தியிருக்கலாம். டாக்டரம்மாவுக்கும் போன் போட்டுச் சொன்னேன். அம்மா, "சண்முகம் கெடுத்ததுதான்னா நான் வேற டிரைவர் பார்க்கணும், மாரியப்பன். சனிக்கிழமைக்குள்ள நல்லாப் பார்த்துட்டு, நிச்சயமாச் சொல்லுங்க" என்றார்.

தை மாதம் சண்முகத்துக்குக் கல்யாணம். பெண் வீட்டார் ஈரோட்டில். கல்கத்தாவில் நிரந்தர வேலை என்று கேட்ட பிறகுதான் சம்மதித்திருந்தார்கள். அருக்காணி அன்றே என்னோடு பேச்சை நிறுத்திவிட்டாள். தட்டை வைத்துவிட்டு, "சாப்புடறவீங்க சாப்புடலாம்" என்று சுவரைப் பார்த்துச் சொல்லுவாள். நானும் சுவரைப் பார்த்தே சாப்பிட்டேன்.

வியாழக்கிழமை வண்டியை நானே ஓட்டிப் பார்த்தேன். முள் பாதியில் நின்றது, பின்னால் கறுப்புப் புகை. அங்கேதான் எனக்கு உறுத்த ஆரம்பித்தது. ஆயில் கருகினால் புகை நீலமாக அல்லவா வரவேண்டும்? கறுப்பு என்றால் சக்கரம் தள்ளுகிற காற்று எஞ்சினுக்குப் போய்ச் சேரவில்லை, வழியில் எங்கோ ஒழுகுகிறது. சண்முகம் முதல் நாளே கறுப்பு என்றுதான் சொன்னான். எனக்குத்தான் காது கேட்கவில்லை. ஆனால் எங்கே ஒழுகுகிறது? நிற்கிற வண்டியில் அழுத்தம் இல்லை, சத்தமும் இல்லை. ஓடுகிற வண்டியின் பானெட்டுக்குள் தலையை விட முடியுமா?

மறுநாள் வெள்ளிக்கிழமை. அருக்காணி எண்ணெய் தேய்த்துக் குளித்துவிட்டு, பட்டறைக்குப் பின்னால் இருக்கும் எங்கள் வீட்டு வாசலில், சாம்பிராணிச் சட்டியின் மேல் மூங்கில் கூடையைக் கவிழ்த்து அதன் மேல் தலைமுடியை விரித்து உட்கார்ந்திருந்தாள். கூடையில் எங்கெங்கே சந்து இருந்ததோ அங்கெல்லாம் புகை வந்தது. நான் கூடையைத் தூக்கிவிட்டுச் சட்டியை எடுத்துக்கொண்டு நடந்தேன்.

"ஏனுங்க, தலை இன்னும் காயலீங்க" என்றாள். நாலு நாளைக்குப் பிறகு என்னிடம் நேராகப் பேசிய முதல் வார்த்தை.

பழைய பிஸ்கட் டின்னில் சட்டியிலிருந்த தணலைக் கொட்டிச் சாம்பிராணி போட்டு மூடினேன். பெட்ரோல் இருக்கிற இடம் ஆயிற்றே, டின்னைப் பட்டறைக்கு வெளியே தள்ளி வைத்தேன். ஒரு துளையில் சைக்கிள் பம்ப். இன்னொரு துளையிலிருந்து நீளமான ரப்பர் குழாய், வண்டியின் காற்றுக் குழாய்க்குள். சண்முகத்தை வரவழைத்தேன், அவன் பம்ப் அடித்தான். பட்டறை முழுக்கக் கோயில் வாசனை.

பாட்டரிக்கு அடியில், கண்ணுக்கே தெரியாத மூலையில், நூல் மாதிரி ஒரு புகை எழுந்தது. கையை விட்டேன். குழாயை இறுக்கிப் பிடிக்க வேண்டிய கிளிப், விரல் பட்டதும் சுழன்றது. டார்ச் அடித்துப் பார்த்தேன். கிளிப்புக்குப் பக்கத்தில் காய்ந்த சந்தனம், நடுவில் குங்குமம், அதில் ஒரு கட்டைவிரல் ரேகை. என் கட்டைவிரல்.

எனக்கு எல்லாம் நினைவுக்கு வந்தது. ஆயுத பூஜை அன்று பூஜைக்காகப் பட்டறைக்கு வந்திருந்த இந்த வண்டியின் எஞ்சினை நானேதான் கழுவினேன். குழாயைக் கழற்றித் துடைத்து, மாட்டி, பொட்டு வைத்தேன். கிளிப்பை இறுக்க ஸ்க்ரூடிரைவரைத் தேடினால், அது சரஸ்வதி படத்துக்கு முன்னால் பூவோடு படுத்திருந்தது. பூஜையில் வைத்த ஆயுதத்தை விஜயதசமிக்கு முன்னால் தொடக் கூடாது. சரி, நாளைக்கு இறுக்கிக்கொள்ளலாம் என்று விரலாலேயே திருகி வைத்தேன். மறுநாள் விடியும்போதே ஆஸ்பத்திரி அவசரம் என்று வண்டி போய்விட்டது. நான் மறந்தே போனேன்.

சண்முகமும் அந்தப் பொட்டைப் பார்த்துவிட்டான். அவன் குரலில் கோபமே இல்லை. "தானாச் சரியாப் போச்சுன்னு அம்மாகிட்டச் சொல்லிரலாங்க மச்சான்" என்றான்.

"தானாச் சரியாப் போறதுக்கு இதென்ன சளியா? ஏறுடா வண்டியில" என்றேன்.  வெட்கத்தை மறைக்கத்தான் கத்தினேன்.

கிளிப்பை இறுக்கினேன். சண்முகம் ஓட்ட, நான் பக்கத்தில், அருக்காணி ஈரத் தலையோடு பின்சீட்டில். லேக் ஓரம் சதர்ன் அவென்யூ காலியாகக் கிடந்தது. அவன் மிதித்தான். முள் பாதியைத் தாண்டி, முக்காலைத் தாண்டி, விறுவிறுவென்று ஏறியது. மூன்று பேரும் சீட்டோடு ஒட்டிக்கொண்டோம். அருக்காணி சிரித்த சிரிப்பில் என் நாலு நாள் பாரமும் போயிற்று.

லேக் கார்டன்ஸ் வாசலில் டாக்டரம்மா நின்றிருந்தார். சண்முகம் எஞ்சினை அணைக்காமல் வாட்சைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். சரியாக இரண்டு நிமிஷம்.

"டர்போவும் நல்லா இருக்கும்மா, டிரைவரும் நல்லா இருக்கான். தப்புப் பண்ணினது நான்" என்று நடந்ததைச் சொன்னேன்.

"அப்போ டிரைவருக்குப் பதிலா மெக்கானிக்கை மாத்திடலாமா?" என்றார் அம்மா.

"இருக்கட்டுங்க டாக்டரம்மா, இவர நான் பாத்துக்கறேன்" என்றாள் அருக்காணி காருக்குள்ளிருந்து.

அடுத்த வருஷம் ஆயுத பூஜைக்குச் சண்முகம் புதுப் பெண்டாட்டியோடு வந்திருந்தான். ஸ்பேனர், சுத்தியல், ஜாக்கி எல்லாம் வரிசையாகப் பொட்டு வைத்துக்கொண்டு சரஸ்வதி முன்னால் படுத்திருந்தன. ஒரு ஸ்க்ரூடிரைவரை மட்டும் அருக்காணி தனியாக எடுத்து என் சட்டைப் பைக்குள் செருகினாள். பிறகு என் வலது கையை இழுத்து, கட்டைவிரலில் சந்தனம் தடவி, குங்குமம் வைத்தாள்.

"மொதல்ல இதுக்குத்தானுங்க பூசை பண்ணோணும்" என்றாள்.