கட்டைவிரல் எந்தப் பக்கம்

என் கணவர் ஹேமநாதனுக்கு உலகத்தில் ஓடிய அத்தனை காரின் என்ஜினைப் பற்றியும் தெரியும். வீட்டில் ஓடாமல் நிற்கிற காரைப் பற்றி மட்டும் ஒன்றும் தெரியாது.

திருமுல்லைவாயிலில் எங்கள் வீட்டை ஒட்டி ஒரு தகர ஷெட் இருக்கிறது. மூன்று வருடமாக அதில் ஒரு பழைய அம்பாசடர் நிற்கிறது. நான் இரண்டு தையல் மெஷினைப் படுக்கையறையில் கட்டிலுக்கும் பீரோவுக்கும் நடுவில் போட்டுக்கொண்டு பிளவுஸ் தைக்கிறேன். அளவு கொடுக்க வருகிற பெண்கள் எங்கள் கட்டிலில்தான் உட்கார வேண்டும். அந்த ஷெட் கிடைத்தால் கடை போட்டுவிடலாம் என்று நானும் கேட்டுக்கொண்டேதான் இருந்தேன். கேட்கும்போதெல்லாம் சரித்திரப் பாடம்தான் கிடைத்தது.

“ஆயிரத்து நானூத்தி எம்பத்தொம்போது சி.சி., சுரேகா. இங்கிலீஷ்காரன் டிசைனு. இத்தப் போயி வெளிய தள்ளச் சொல்றியே.”

பகலில் அம்பத்தூரில் ஒரு ஆபீசில் கோப்பு தள்ளுவார். மற்ற நேரமெல்லாம் ‘என்ஜின் ஹேமு’ என்று யூடியூபில் பேசுவார். அவர் அடிக்கடி சொல்லும் கதைகள் இரண்டு. ஒன்று, கார் கண்டுபிடித்தவரின் மனைவியான ஜெர்மன் அம்மா, கணவனிடம் சொல்லாமல் வண்டியை எடுத்துக்கொண்டு ஊருக்குப் போனது. வழியில் பெட்ரோல் குழாய் அடைத்துக்கொள்ள, தொப்பி ஊசியால் குத்தி எடுத்தது. இதைச் சொல்லும்போது இவருக்குக் குரல் தழுதழுக்கும். இன்னொன்று, அமெரிக்காவில் நின்றுபோன காரின் முன்பக்கம் கைப்பிடியைச் செருகிச் சுற்றிய ஒரு மனிதரை அந்தக் கைப்பிடியே எதிர்த்து அடித்துத் தாடையை உடைத்தது. அவர் செத்துப்போக, அந்தத் துக்கத்தில்தான் பட்டனில் கிளம்புகிற ஸ்டார்ட்டர் பிறந்தது என்பார்கள்.

நான் அம்பத்தூர் தொழிற்பேட்டையில் பம்புசெட் என்ஜின் கம்பெனியில் ஆறு வருடம் டெஸ்டிங்கில் இருந்தவள். ஒரு நாளைக்கு முப்பது நாற்பது என்ஜினைக் கையால் சுற்றிக் கிளப்பியிருக்கிறேன். இதை அவர் சேனலில் ஒரு தடவைகூடச் சொன்னதில்லை. அது டீசலாம், சரித்திரத்தில் சேராதாம்.

ஆயுத பூஜைக்குப் பத்து நாள் இருக்கும்போது ஒருவன் அவர் வீடியோவின் கீழே, ‘உன் வண்டி ஓடுமா, இல்லை பேச்சு மட்டும்தான் ஓடுமா’ என்று எழுதிவிட்டான். மனிதருக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. கேமரா முன்னால் உட்கார்ந்து சொன்னார்: “ஆயுத பூஜை அன்னிக்கு இந்த வண்டிய என் கையால சுத்தி ஸ்டார்ட் பண்றேன். நான் பண்ணலன்னா வித்துடுறேன். தோ, கையெழுத்தே போட்டுட்டேன்.” விற்பனைப் படிவத்தில் நிஜமாகவே கையெழுத்துப் போட்டு, அதைக் கேமராவில் காட்டினார். நான் அந்தப் படிவத்தை எடுத்து சாமி படத்துக்குப் பின்னால் பத்திரமாக வைத்தேன். அடுத்த நாளே பூந்தமல்லி அன்வர் பாஷா அண்ணனுக்குப் போன் பண்ணினேன். கல்யாண ஊர்வலத்துக்குப் பழைய கார் வாடகைக்கு விடுகிறவர்.

“ஓடுற வண்டின்னா அன்னிக்கே எடுத்துக்கினு போறேம்மா. ஓடலன்னா எனக்கு வாணாம், காயலான் கடைக்குத்தான் போவும்,” என்றார்.

ஆயுத பூஜை அன்று காலையில் ஷெட் வாசலில் பதினோரு ரசிகர்கள் நின்றார்கள். காருக்குச் சந்தனப் பொட்டு, வாழைக்கன்று, எலுமிச்சம்பழம் எல்லாம் ஆகிவிட்டது. டயர், பிரேக் எல்லாம் மெக்கானிக் ஏற்கெனவே சரிசெய்திருந்தார். என்ஜினை மட்டும் எவனும் தொடக் கூடாது என்று இவர் தானே முந்தின நாள் முழுக்க முடுக்கிக்கொண்டிருந்தார். இவருடைய நண்பர் எத்திராஜ் கேமராவை ஸ்டாண்டில் நிறுத்தினார். பாஷா அண்ணன் ஓரமாக நின்று பொரி தின்றுகொண்டிருந்தார்.

இவர் அமெரிக்கக் கதையை முழுதாகச் சொல்லி முடித்தார். தாடை உடைகிற இடத்தில் தன் தாடையைத் தொட்டும் காட்டினார். பிறகு குனிந்து கைப்பிடியைப் பிடித்தார். நாலு விரல் ஒரு பக்கம், கட்டைவிரல் மறுபக்கம், பிள்ளைகள் கிரிக்கெட் மட்டையைப் பிடிப்பதுபோல. கோபம் எவ்வளவு இருந்தாலும் விரல் போகட்டும் என்று நினைக்க மனம் வரவில்லை.

“கட்டைவெரல இந்தப் பக்கம் எடுங்க. எதிர்த்து ஒதைச்சா ஒடைஞ்சிடும்.”

“இது பம்புசெட்டு இல்ல, சுரேகா,” என்றார் கேமராவைப் பார்த்து. ரசிகர்கள் சிரித்தார்கள்.

சுற்றினார். என்ஜின் ஒரு தடவை இருமிவிட்டுக் கைப்பிடியை எதிர்ப்பக்கமாக விசிறியது. ‘டக்’ என்று ஒரு சத்தம் கேட்டது. அது என்ஜினில் வந்த சத்தம் இல்லை. இவர் அப்படியே வாழைக்கன்றைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டார். எத்திராஜ் அவரை ஸ்கூட்டரில் ஏற்றிக்கொண்டு ஆவடி ஆஸ்பத்திரிக்குப் பறந்தார்.

ரசிகர்கள் கலையவில்லை. சுண்டல் இன்னும் வரவில்லையே.

பாஷா அண்ணன் கையைத் தட்டிப் பொரியை உதறினார். “அப்ப நான் வர்றேம்மா.”

“அஞ்சு நிமிசம் இருங்கண்ணா,” என்றேன்.

பானெட்டுக்குள் பார்த்தேன். பொறியை நேரம் பார்த்து அனுப்புகிற டிஸ்ட்ரிப்யூட்டர் வருடக்கணக்காக உட்கார்ந்திருந்த இடத்தில் கிரீஸ் அழுக்கு கோடு போட்டிருந்தது. இவர் ஏதோ புத்தகத்தைப் பார்த்து அதை அந்தக் கோட்டிலிருந்து நன்றாகவே விலக்கித் திருப்பி வைத்திருக்கிறார். பொறி நேரத்துக்கு முந்தி அடித்தால் உதைக்காமல் என்ன செய்யும்? மறுபடி கோட்டுக்குக் கொண்டுவந்து முடுக்கினேன். ஐந்து விரலையும் ஒரே பக்கம் வைத்து, கீழேயிருந்து மேலே இழுத்தேன். முதல் இழுப்பில் ஒன்றுமில்லை. இரண்டாவதில் இருமியது. மூன்றாவதில் என்ஜின் பிடித்துக்கொண்டு உறுமியது. கம்பெனியை இழுத்து மூடிய பிறகு அந்த அதிர்வு என் கைக்கு வந்ததே இல்லை. எனக்கு அழுகையே வந்துவிட்டது.

சாமி படத்துக்குப் பின்னாலிருந்து படிவத்தை எடுத்துப் பாஷா அண்ணனிடம் கொடுத்தேன். கம்பெனி வேனை ஓட்டிப் பழகியவள்தான். எலுமிச்சம்பழத்தை நசுக்கி, மெயின் ரோடான சி.டி.எச். ரோடு வரைக்கும் வண்டியை நானே ஓட்டிக்கொண்டு போய் அவரிடம் விட்டேன். திரும்பி வந்து ரசிகர்களுக்குச் சுண்டல் கொடுத்தேன். தின்றவர்களைச் சும்மா விடவில்லை. இரண்டு தையல் மெஷினையும் ஷெட்டுக்குத் தூக்க வைத்தேன்.

சாயங்காலம் கையில் மாவுக்கட்டோடு இவர் வந்தார். ஷெட்டைப் பார்த்தார்.

“வண்டி ஸ்டார்ட் ஆயிடுச்சின்னு சொல்றானுங்களே. அப்புறம் இன்னாத்துக்கு வித்த?”

“நீங்க ஸ்டார்ட் பண்ணலன்னா விப்பேன்னுதான சொன்னீங்க. பண்ணது நான்.”

“என்னாண்ட ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம்ல.”

“அந்த ஜெர்மன் அம்மா மட்டும் புருஷனாண்ட சொல்லிட்டா போனாங்க?”

எத்திராஜ் என்னிடம் தனியாக வந்து சொன்னார்: “கட்டு போடச் சொல்லோ டாக்டருக்கு அந்த அமெரிக்காக் கதையச் சொன்னாரு அண்ணி. அவுரு பொறுமையா கேட்டுட்டு, ‘இவ்ளோ தெரிஞ்சிகினு ஏன் சார் அப்டிப் புடிச்சீங்க?’ன்னாரு.”

ஐந்தாம் நாள் ஷெட்டில் இரண்டு பெண்கள் அளவு கொடுக்கக் காத்திருந்தார்கள். இவர் வந்து ஸ்டூலில் உட்கார்ந்தார். மாவுக்கட்டை மடியில் வைத்துக்கொண்டு தொண்டையைச் செருமினார்.

“தையல் மெஷின் ஊசிக்கு மட்டும் ஏன் நுனியில காது வெச்சான் தெரியுமாம்மா? அது ஒரு பெரிய கதை.”

பெண்கள் இரண்டு பேரும் ஆர்வமாகத் திரும்பினார்கள். நான் மெஷினை நிறுத்தி, நூலை அவர் பக்கம் நீட்டினேன்.

“மொதல்ல இத்தக் கோத்துக் குடுத்துட்டு அப்புறம் சொல்லுங்க,” என்றேன்.