கபர்ஸ்தானின் ஐந்தாவது மூலை

கணக்கில் ஆறு சென்ட் குறைந்தது. ஸோயா மறுபடி போட்டுப் பார்த்தாள். அப்போதும் அதே ஆறு சென்ட்தான்.

போச்சம்பள்ளி தொழிற்பேட்டைக்குப் போகும் சாலையை அகலமாக்கப் போகிறார்கள் என்று பேச்சு அடிபட்டதும், சாலையோரம் இருக்கும் கபர்ஸ்தானை, ஊர் முஸ்லிம்களை அடக்கம் செய்யும் இடத்தை, அளந்து வரைபடம் ஒன்றைக் கையில் வைத்துக்கொள்வது நல்லது என்று ஜமாஅத்தார் முடிவு செய்தார்கள். வெளியாளைத் தேடுவானேன், நம் அக்பர் பாஷாவின் மகள் ஓசூரில் சர்வே கம்பெனியில்தானே வேலை பார்க்கிறாள் என்றார் தலைவர். அன்று காலைதான் ஸோயா ஜிபிஎஸ் கருவியோடு அங்கே போய்விட்டு வந்திருந்தாள். பெண்கள் கபர்ஸ்தானுக்குள் போகும் வழக்கம் அந்த ஊரில் இல்லை. வேலைக்கு வந்தவள் என்பதால் யாரும் எதுவும் சொல்லவில்லை.

அத்தா அக்பர் பாஷாவும் கூட வந்திருந்தார். வாரம் முழுக்கக் கம்பெனி பஸ் ஓட்டுகிறவருக்கு ஞாயிறு ஒன்றுதான் ஓய்வு. உதவுவார் என்று நினைத்தால், மேற்குப் பக்கக் கம்பி வேலியைப் பிடித்தபடி பக்கத்து மாந்தோப்பையே பார்த்துக்கொண்டு நின்றார். ஸோயா வேலியின் நான்கு மூலைகளிலும் கருவியின் கம்பத்தை நிறுத்திப் புள்ளி எடுத்தாள். ஒவ்வொரு மூலைக்கும் கிழக்கே எத்தனை மீட்டர், வடக்கே எத்தனை மீட்டர் என்று இரண்டு எண்கள். ஒரு மூலையின் கிழக்கெண்ணை அடுத்த மூலையின் வடக்கெண்ணால் பெருக்க வேண்டும். அதன் வடக்கெண்ணை அடுத்ததன் கிழக்கெண்ணால் பெருக்கிக் கழிக்க வேண்டும். இப்படியே ஒரு சுற்று சுற்றி வந்து, எல்லாவற்றையும் கூட்டிப் பாதியாக்கினால் பரப்பு. வந்தது ஒரு ஏக்கர் இருபத்தாறு சென்ட். தானப் பத்திரத்தில் எழுதியிருந்ததோ ஒரு ஏக்கர் முப்பத்திரண்டு.

பத்திரத்தின் கடைசியில் மடித்து ஒட்டிய கைப்படம் ஒன்று இருந்தது. அறுபது வருடங்களுக்கு முன்பு யாரோ திசைகாட்டியை வைத்து அளந்து போட்டது. ஒவ்வொரு கோட்டின் பக்கத்திலும், வடக்கிலிருந்து வலமாக இத்தனை பாகை, நீளம் இத்தனை அடி என்று பொடி எழுத்தில் குறித்திருந்தார்கள். ஸோயா கோடுகளை எண்ணினாள். ஐந்து இருந்தன.

அவள் நிமிர்ந்து உட்கார்ந்தாள். கோடுகள் ஒவ்வொன்றையும் வடக்கு, கிழக்கு எனப் பிரித்துக் கணக்குப் போட்டாள். ஐந்து கோடுகளும் சுற்றிவந்து தொடங்கிய இடத்துக்கே சேர்ந்தன. வித்தியாசம் அரை அடிகூட இல்லை. வெயிலில் நின்று ஊசி அசையாமல் நிற்கும்வரை காத்திருந்திருப்பாரே, அந்த முகம் தெரியாத மனிதர் மேல் அவளுக்கு மரியாதை வந்தது. திசைகாட்டியின் வடக்குக்கும் வரைபடத்தின் வடக்குக்கும் சிறிது வித்தியாசம் உண்டு. அது பரப்பை மாற்றாது. ஆனால் இடத்தைத் தேடும்போது தேவைப்படும். அதையும் சரிசெய்துவிட்டுப் பழைய படத்தைப் புதியதன் மேல் பொருத்தினாள். மேற்குப் பக்கம் தவிர மற்ற எல்லாம் ஒட்டி நின்றன.

மேற்கே வேலி ஐம்பத்து நான்கு மீட்டருக்கு ஒரே நேராகப் போயிருந்தது. பழைய எல்லையோ நடுவில் ஒன்பது மீட்டர் தோப்புப் பக்கம் போய் ஒரு மூலையைத் தொட்டுவிட்டுத் திரும்பியது. வேலி போட்டவர்கள் அந்த ஐந்தாவது மூலைக்கல்லைப் பார்க்காமல், இந்த முனைக்கும் அந்த முனைக்கும் கயிறு பிடித்துவிட்டார்கள். நடுவில் ஒரு முக்கோணம் விடுபட்டுப் போனது. ஐம்பத்து நான்கை ஒன்பதால் பெருக்கிப் பாதியாக்கினாள். இருநூற்று நாற்பத்து மூன்று சதுர மீட்டர். சரியாக ஆறு சென்ட்.

"அத்தா, இங்க வாங்களேன்" என்று கூப்பிட்டாள். "கெடச்சிருச்சி."

அக்பர் பாஷா மூக்குக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு லேப்டாப் முன்னால் குனிந்தார். சிவப்பில் வேலி, பச்சையில் பழைய எல்லை, நடுவே மஞ்சளாய் முக்கோணம். பிறகு விரலை மெதுவாக அந்த மஞ்சளின் நுனியில் வைத்தார்.

"ஆமிர் இங்கதாம்மா இருக்கான்."

ஸோயாவுக்கு முதலில் புரியவில்லை. தனக்கு முன்னால் ஒரு அண்ணன் பிறந்தான், ஆமிர் என்று பேர் வைத்தார்கள், பதினோரு நாளில் மௌத்தாகிப் போனான் என்பது மட்டும் அவளுக்குத் தெரியும். வீட்டில் அதற்குமேல் யாரும் பேசியதில்லை.

"சின்னப் புள்ளைங்களை அந்த மூலையிலதான் வெப்பாங்க" என்றார். "நீ மூணு வயசா இருக்கறப்ப வேலி போட்டாங்க. நான் அப்ப லாரில வடக்க போயிருந்தேன். திரும்பி வந்து பாத்தா, புள்ளைய வெச்ச எடம் கம்பிக்கு அந்தப் பக்கம் இருக்கற மாதிரி இருக்குது. கல்லு ஒண்ணையும் காணோம். நாந்தான் எடத்தை மறந்துட்டனோன்னு ஆயிப்போச்சி."

"யார்கிட்டயும் சொல்லலையா?"

"என்னன்னும்மா சொல்றது? எம்புள்ளைய எங்க வெச்சேன்னு எனக்கே தெரியலன்னா?"

சமையலறை வாசலில் அம்மா தில்ஷாத் நின்றிருந்தாள். கையில் மாவு அப்படியே இருந்தது.

"பெருநாளைக்குப் பெருநாளு போயிட்டு வந்து, பாத்துட்டேன், நல்லா இருக்கான்னு சொல்லுவீங்களே" என்றாள். குரலில் கோபம் இல்லை.

"பாத்துட்டுத்தான் வருவேன் தில்ஷாத். கம்பிக்கு இந்தப் பக்கம் நின்னு."

அவள் முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு வந்து திரையைப் பார்த்தாள். எது வேலி, எது எல்லை என்று கேட்டுத் தெரிந்துகொண்டாள். "இப்ப அது மாந்தோப்புக்குள்ளதானே இருக்குது? கபர்ஸ்தானுக்குள்ள இல்லையே?"

"ஆமாம்மா."

"அப்ப நானும் வரலாம்."

மறுநாள் மாலை மூன்று பேரும் தோப்புக்குப் போனார்கள். தோப்பு கோவிந்தப்பனுடையது. சண்டைக்கு வருவாரோ என்று ஸோயாவுக்குப் பயம்தான். ஆறு சென்ட் என்றாலும் நிலம் நிலம்தான். படத்தை விரித்து, பத்திரத்தில் இருப்பதையும் வேலி தவறியதையும் ஒவ்வொன்றாகச் சொன்னாள். கோவிந்தப்பன் தலைத்துண்டை அவிழ்த்துத் தோளில் போட்டுக்கொண்டு குறுக்கே பேசாமல் கேட்டார்.

"வா கண்ணு, ஒண்ணு காட்டறேன்."

மாமரங்கள் வரிசை வரிசையாகப் போய், வேலிக்குப் பக்கத்தில் ஓரிடத்தில் மட்டும் நின்றுவிட்டிருந்தன. நாலைந்து மரம் வைக்கும் இடம் வெறும் புல்லாய்க் கிடந்தது.

"செடி வெக்க இங்க குழி எடுத்தோம், பதினஞ்சு வருசம் இருக்கும். கடப்பாரை போட்ட எடமெல்லாம் கல்லு. வரிசையா, நட்டு வெச்ச மாதிரி. ஒவ்வொண்ணும் இத்தனூண்டு." கைகளை ஒரு முழத்துக்கு அகட்டிக் காட்டினார். "எங்கூட்டுக்காரி காளியம்மாள்தான் கண்டுபுடிச்சா. இது கொழந்தைங்கள வெச்ச எடம், மூடுங்கன்னா. மூடிட்டோம். அன்னைலேர்ந்து இங்க ஏர் ஓட்டறதில்ல, உரம் கொட்டறதில்ல."

"சொல்லியிருக்கலாமேண்ணா" என்றார் அக்பர் பாஷா.

"சொல்லியிருக்கணும் பாய். நெலத் தகராறு ஆயிருமோன்னு ஒரு பயம். வுட்டுட்டேன். தப்புதான்."

அக்பர் பாஷா அவர் கையைப் பிடித்துக்கொண்டார். பயந்தது இரண்டு பேரும்தான். வேலிக்கு இந்தப் பக்கம் ஒருவர், அந்தப் பக்கம் ஒருவர் என்று இத்தனை வருடம் இருந்திருக்கிறார்கள்.

"மூலைக்கல்லு மட்டும் கெடச்சாப் போதும்" என்றார் அக்பர் பாஷா. "கல்லுக்குக் கெழக்கால மூணு முழம். அது எனக்கு மறக்கல."

ஸோயா ஐந்தாவது மூலையின் எண்களைக் கருவியில் ஏற்றினாள். இன்னும் எவ்வளவு தூரம், எந்தத் திசை என்று அது சொல்லச் சொல்ல நடந்தாள். ஏழு மீட்டர். நான்கு. ஒன்றரை. கம்பத்தின் கூர்முனையைப் புல்லில் ஊன்றி, "இங்க" என்றாள்.

கோவிந்தப்பன் மண்வெட்டியைக் கொண்டுவந்தார். அக்பர் பாஷா அதை வாங்கி ஓரமாக வைத்துவிட்டு, மண்டியிட்டுக் கையாலேயே மண்ணை வாரினார். முக்கால் அடி ஆழத்தில் கல்லின் தலை தட்டுப்பட்டது. உளியால் போட்ட அம்புக்குறிகூட அழியாமல் இருந்தது. ஸோயா நின்ற இடத்துக்கும் கல்லுக்கும் ஒரு சாண் வித்தியாசம்.

அவர் எழுந்திருக்கவில்லை. மண்டியிட்டபடியே முழங்கையை நீட்டி, கிழக்கே ஒன்று, இரண்டு, மூன்று என்று அளந்தார். பிறகு தில்ஷாத்தைப் பார்த்தார்.

தில்ஷாத் வந்து உட்கார்ந்து புல்லின் மேல் உள்ளங்கையை வைத்தாள். உதடுகள் மட்டும் அசைந்தன. கோவிந்தப்பன் தள்ளிப் போய்த் திரும்பி நின்றுகொண்டார். சாலையில் ஷிப்ட் முடிந்த கம்பெனி பஸ்கள் ஒன்றன்பின் ஒன்றாகப் போய்க்கொண்டிருந்தன.

"தெனமும் கம்பெனி பஸ்ல இதைத் தாண்டித்தான் வேலைக்குப் போறேன்" என்றாள் தில்ஷாத் கடைசியில். "இவ்ளோ கிட்டத்துல இருந்திருக்கான்."

கிளம்பும்போது கோவிந்தப்பன்தான் அந்தப் பேச்சை எடுத்தார். "வேலியைத் தள்ளிப் போட்டுக்குங்க பாய், நான் கையெழுத்துப் போடறேன். ஆனா அடைச்சுப்புட்டா அப்புறம் இந்தம்மா வர முடியாதே? எந்தோப்புப் பக்கம் ஒரு கதவு வெச்சுருங்க."

இதை ஜமாஅத்தில் எப்படிச் சொல்வது என்று அக்பர் பாஷா தயங்கினார். "நான் படத்துலயே கதவைக் குறிச்சுடறேன் அத்தா" என்றாள் ஸோயா. பிறகு ஜமாஅத்தில் தலைவர் அந்தப் படத்தை முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தார். கதவைப் பற்றி ஒன்றும் கேட்காமல் கையெழுத்திட்டார். ஐந்து மூலை, ஒரு ஏக்கர் முப்பத்திரண்டு சென்ட். அடுத்த மாதமே வேலி மாறியது.

கல் கிடைத்த அன்று தோப்பிலிருந்து மூன்று பேரும் வீட்டுக்கு நடந்தே வந்தார்கள். வழியெல்லாம் தில்ஷாத் பேசிக்கொண்டே வந்தாள். ஆமிருக்குத் தலை நிறைய முடியாம். பால் குடிக்கும்போதே தூங்கிவிடுவானாம். பாதத்தில் சுண்டினால் ஒரு கண்ணை மட்டும் திறந்து பார்ப்பானாம். ஐந்தாம் நாள் தும்மியது, ஏழாம் நாள் மழை, ஒன்பதாம் நாள் முதன்முதலாய் அத்தாவின் விரலைப் பிடித்தது என்று, பதினோரு நாளையும் ஒன்றுவிடாமல் சொன்னாள். ஸோயா அம்மாவின் கையைக் கோத்துக்கொண்டு கேட்டபடி நடந்தாள்.