இரண்டு ஜன்னல்கள்

எதிரே காபி வண்டி வந்து நின்ற காலையில் கொரின் காரை விட்டு இறங்காமல் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தாள். சாலைக்கு அந்தப் பக்கம், செம்மண்ணைத் தோண்டிப் பைன் மரங்களைச் சாய்த்த இடத்தில், புதுக் கம்பெனியின் கட்டடம் ஜன்னலே இல்லாமல் எழும்பிக்கொண்டிருந்தது. வண்டி அதன் வாசலில் நிற்கவில்லை. கொரின் வேலை செய்த கம்பெனியின் வாகன நிறுத்தத்துக்கு நேர் எதிரே, புல் ஓரத்தில் நின்றது. காபி இலவசம். கோப்பையின் மேல் அச்சிட்டிருந்த குறியைப் போனில் காட்டினால் புதுக் கம்பெனியில் வேலைக்கான விண்ணப்பம் திறக்கும். வேலைக்கு வந்தவர்கள் கூச்சமில்லாமல் சாலையைக் கடந்து போய் வாங்கிக்கொண்டார்கள். மேல்மாடியில் மேலாளர் பேரட் கண்ணாடிக்குப் பின்னால் நின்று, யார் யார் கடக்கிறார்கள் என்று பார்த்துக்கொண்டிருந்தார்.

கொரின் கடக்கவில்லை. அது விசுவாசம் இல்லை. அந்த வண்டிக்காரனிடம் என்ன காபி வேண்டும் என்று வாய்திறந்து சொல்ல வேண்டும், அதுதான் காரணம்.

அவள் வேலை செய்த இடத்தில் மருந்து என்பது ஒரே ஒரு ஆளுக்கானது. நோயாளியின் ரத்தத்திலிருந்து செல்களைப் பிரித்து, மாற்றி, வளர்த்து, அவருக்கே திருப்பி அனுப்புவார்கள். கெட்டுப்போனால் வேறு பெட்டியிலிருந்து எடுத்துக்கொள்ள முடியாது. பெரும்பாலானவர்களுக்கு இரண்டாவது முறை ரத்தம் கொடுக்க உடம்பில் தெம்பு இருக்காது. அதனால் உள்ளே ஒருவர் செய்வார், ஜன்னலுக்கு வெளியே ஒருவர் பார்ப்பார். செய்கிறவர் ஒவ்வொன்றையும் வாய்விட்டுச் சொல்ல வேண்டும். பார்க்கிறவர் "பாத்தேன்" என்று சொல்ல வேண்டும். அந்தச் சொல் காதில் விழாமல் அடுத்ததற்குக் கை போகக்கூடாது. கல்லூரியில் நான்கு வருடமும் கடைசி வரிசையில் உட்கார்ந்து உயிரியல் படித்த கொரினுக்கு, ஒரே ஒரு சொல்லால் நாள் முழுவதையும் ஓட்டிவிடக்கூடிய வேலை உலகத்தில் இருக்கிறது என்பது ஆச்சரியமாக இருந்தது.

ஜன்னலில் பார்க்கிறவள் கொரின், உள்ளே செய்கிறவள் யோலாண்டா பிக்ஸ். அங்கி போட்டுக்கொள்வதற்கே அங்கே பரீட்சை உண்டு. தலை முதல் கால் வரை மூடிக்கொண்ட பிறகு, கையிலும் மார்பிலும் முழங்கையிலும் கிருமி வளரும் கூழ் பூசிய தட்டுகளை ஒற்றி எடுத்து வைப்பார்கள். சில நாளில் தட்டில் ஏதாவது முளைத்தால் தோல்வி. புதிதாக வருகிறவர்கள் பாதிப் பேர் அதிலேயே நின்றுவிடுவார்கள். யோலாண்டாவின் தட்டில் இதுவரை எதுவும் முளைத்ததில்லை. தேறியவர்கள் கைதேர்ந்து வேலை செய்யப் பழகுவதற்குள் ஒரு வருடம் ஓடிவிடும். அப்படிப் பழகியவர்களைத்தான் காபி வண்டி அழைத்துக்கொண்டு போனது.

முதலில் இரண்டு பேர். பிறகு ஒரு வாரம் யாருமில்லை. பிறகு மூன்று பேர். முன்கூடத்தில் 'நம் மனிதர்கள்' என்ற தலைப்பின் கீழ் மாட்டியிருந்த படங்களை யாரோ ஒவ்வொன்றாகக் கழற்றினார்கள். சுவரில் அந்த இடங்கள் மட்டும் வெளுப்பாகத் தெரிந்தன. மிச்சமிருந்தவர்களுக்கு வெள்ளிக்கிழமைகளில் பீட்சா வந்தது. கம்பெனி பெயர் தைத்த குளிர்ச்சட்டை வந்தது. ஓட்டிஸ் அதைப் போட்டுக்கொண்டே எதிர்க் கம்பெனியின் நேர்முகத்துக்குப் போய்வந்தான் என்று யோலாண்டா சொன்னாள்.

"பாவம், வழியில குளிரக் கூடாதுன்னுதான் குடுத்திருக்காங்க," என்றாள்.

ஓட்டிஸுக்கும் ஜன்னல் வேலைதான். மூன்றாம் அறைக்கு. கொரினுக்கு இரண்டாம் அறை.

ஒருநாள் பேரட் கொரினை அறைக்குக் கூப்பிட்டு உட்காரச் சொன்னார். யோலாண்டாவுக்கும் அந்தப் பக்கத்திலிருந்து அழைப்பு வந்திருக்கிறது என்றார். அவள் போனால் இரண்டாம் அறையை மூட வேண்டியிருக்கும், மூடினால் ஆஸ்பத்திரிகள் வேறு இடம் பார்த்துக்கொள்ளும் என்றார். குரலை உயர்த்தவேயில்லை.

"நான் சொன்னா கம்பெனி பேசுற மாதிரி இருக்கும். நீ சொன்னா கேப்பா. உன்ன அவளுக்குப் புடிக்கும்."

மதிய இடைவேளையில் யோலாண்டா தன் காரில் உட்கார்ந்து கோழிக்கறி வைத்த பிஸ்கட் ரொட்டி தின்றுகொண்டிருந்தாள். கொரின் மறுபக்கக் கதவைத் திறந்து ஏறிக்கொண்டு, மடியில் கைகளை வைத்துக்கொண்டாள். யோலாண்டா பாதியைப் பிய்த்து அவளிடம் நீட்டினாள்.

"தானா வந்தியா, அனுப்பினாரா?"

"அனுப்பினாரு, மிஸ் யோலாண்டா."

"பொய் சொல்லத் தெரியாத புள்ளையாப் பாத்து அனுப்பிருக்காரு, கெட்டிக்காரன்." சிரித்துவிட்டு எதிரே எழும்பும் கட்டடத்தைப் பார்த்தாள். "அங்க போனா எனக்கு என்ன குறைச்சல், சொல்லு."

கொரின் யோசித்துப் பார்த்தாள். ஒன்றும் இல்லை. அப்படியே சொன்னாள். பிறகு, பேரட் சொல்லச் சொல்லாத ஒன்றைச் சொன்னாள்.

"நீங்க போனா எனக்கு இங்க யாரும் இல்ல."

யோலாண்டா மெல்லுவதை நிறுத்தினாள். காகிதத்தைக் கசக்கிப் பையில் போட்டாள்.

"கண்ணு, எனக்கு அம்பது தாண்டியாச்சு. அந்த முகமூடிக்குள்ள நின்னு நின்னு, மதியத்துக்கு மேல என் கைய நானே நம்பறதில்ல. ஜன்னல்ல நீ இருக்கன்னுதான் நம்பறேன். நீ இருக்கறதா இருந்தா நானும் இருக்கேன். வேற யாரோ இல்ல. நீ."

"இருப்பேன்," என்றாள் கொரின். சொன்னபோது அதில் பொய் ஏதும் இல்லை.

ஓட்டிஸ் அடுத்த வாரம் போனான்.

அவன் இடத்துக்கு ஆள் கிடைக்கவில்லை. மூன்றாம் அறைக்குள் வேலை செய்ய மட்டும் ஓர் ஏஜென்சி மூலம் டிரென்ட் வந்தான். பியர் காய்ச்சும் இடத்தில் இருந்தவன், நல்ல பையன், வேலை செய்யும்போது முனகிப் பாடுகிறவன். அவனுடைய தட்டில் முதல்முறை ஏதோ முளைத்தது. இரண்டாம் முறை முளைக்கவில்லை, போதும் என்றார்கள். பேரட் கொரினை நடைபாதைக்கு அழைத்துப் போனார். ஒரு பக்கம் இரண்டாம் அறையின் ஜன்னல், மறுபக்கம் மூன்றாம் அறையின் ஜன்னல், நடுவில் ஒருவர் நிற்குமளவு இடம்.

"ரெண்டும் எதிரெதிர்தான். தலையத் திருப்பினா போதும். ஆள் வர்ற வரைக்கும்." போகும்போது திரும்பி நின்றார். "யோலாண்டாகிட்ட இத இப்ப சொல்ல வேணாம். மனசு கலங்கினா கை கலங்கும்."

ஹெட்போனில், இடது காதில் யோலாண்டா. வலது காதில் டிரென்ட். வேலை செய்யும்போது யோலாண்டா நிமிர்ந்து பார்க்க மாட்டாள், அவளுக்குக் குரல் மட்டும்தான். அதனால் அவளுக்குத் தெரியவில்லை. நாளைக் காலை உடைமாற்றும் அறையில் சொல்லிவிடலாம் என்று கொரின் தினமும் நினைத்தாள். தினமும் காலையில் யோலாண்டா தலைமுடியை வலைக்குள் செருகியபடி "வந்துட்டியா, என் கண்ணு ரெண்டும்?" என்பாள். கொரின் தலையாட்டுவாள். முதல் வாரம் ஒன்றும் ஆகவில்லை. இரண்டாம் வாரமும் ஒன்றும் ஆகவில்லை. ஒன்றும் ஆகாமல் போகப் போக அதைச் சொல்வது இன்னும் கடினமாயிற்று.

அன்று இரண்டாம் அறையில் கடைசிக் கட்டம். வளர்ந்த செல்களை நோயாளிக்குப் போகும் பையில் நிரப்ப வேண்டும். பை சின்னது. பை சின்னதாக இருந்தால் ஆளும் சின்னது என்று எல்லோருக்கும் தெரியும், யாரும் சொல்ல மாட்டார்கள். ஒஹையோவில் எங்கோ ஒரு குழந்தைகள் ஆஸ்பத்திரி. யோலாண்டா கண்ணாடிப் பெட்டிக்குள் கைகளை நீட்டி, பையின் குழாயையும் செல்கள் இருந்த கலத்தின் குழாயையும் ஒட்டுகருவியில் எதிரெதிராகப் பொருத்தினாள்.

"பொருத்தியாச்சு."

"பாத்தேன்."

வலது காதில் முனகல் பாட்டு நின்றது. "கொரின், ஒரு நிமிஷம் இங்க பாக்கறியா? கையுறை எங்கயோ பட்ட மாதிரி இருக்கு." அவள் திரும்பினாள். டிரென்ட் வலது கையைத் தூக்கிப் பிடித்திருந்தான், விரல்கள் விரிந்து. கிழிந்திருக்கிறதா என்று விளக்கொளியில் தெரியவில்லை. அவள் கண்ணைச் சுருக்கிப் பார்த்தாள். இடது காதில் அமைதியான, களைத்த குரல்: "ஒட்டியாச்சு. ஒட்டின எடத்த உருட்டிப் பாத்தாச்சு. கசிவு இல்ல."

"பாத்தேன்," என்றது கொரினின் வாய்.

அவள் இன்னும் டிரென்டின் கையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

திரும்பியபோது யோலாண்டா இடது கையில் குழாயைத் தாங்கியபடி, வலது கையைப் பம்பின் பொத்தான் மேல் வைத்திருந்தாள். குழாய் ஒட்டிய இடத்துக்கு நேர் கீழே, எஃகுத் தளத்தில், ஒரு துளி. நிறமில்லாதது. துடைத்த ஆல்கஹாலாக இருக்கலாம். ஒட்டுவதற்கு முன்பே அங்கே இருந்திருக்கலாம். ஒட்டு விட்டுப்போய்ச் சொட்டியதாகவும் இருக்கலாம். அப்படியானால் உள்ளிருந்தது வெளியே வந்த வழியாக வெளியில் இருக்கும் கிருமி உள்ளே போயிருக்கும், சின்னப் பையோடு ஒஹையோவுக்கும் போகும். நிறுத்தச் சொன்னால் எல்லாவற்றையும் குப்பையில் கொட்ட வேண்டும், அது வெறும் ஆல்கஹாலாகவே இருந்தாலும். ஏன் என்று யோலாண்டா கேட்பாள். எங்கே பார்த்துக்கொண்டிருந்தாய் என்று கேட்பாள்.

"கண்ணு, நிரப்பலாமா?"

வலது காதில் டிரென்ட் அவள் பெயரைச் சொன்னான். கொரின் திரும்பவில்லை. இரண்டாம் அறைக்குப் பேசும் பொத்தானில் விரல் இருந்தது, அழுத்தவில்லை. பெட்டிக்குள் மேலிருந்து கீழாகக் காற்று ஓயாமல் வீசும், ஆல்கஹால் என்றால் மூச்சுவிடுவதற்குள் ஓரத்திலிருந்து சுருங்க ஆரம்பித்துவிடும். அவள் நெற்றி ஜன்னலில் முட்டியது.

"கொரின்? பாத்தேல்ல?"

யோலாண்டா முதல்முறையாக நிமிர்ந்தாள். முகமூடிக்கும் தலைமூடிக்கும் நடுவே அவள் கண்கள் மட்டும் தெரிந்தன. கொரின் அவற்றைப் பார்க்கவில்லை. எஃகின் மேல் துளி விளக்கை முழுசாகத் தனக்குள் வைத்துக்கொண்டு, ஓரம் குறையாமல், உருண்டையாக உட்கார்ந்திருந்தது.